மூன்று ஊருக்கும் நடுவில்

இடுப்பில் ஒரு குடம் தண்ணீர். தளும்பித் தளும்பிச் சேலை முழங்கால் வரை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மார்கழிப் பனி ராகி அறுத்த தாள்களின் மேலிருந்து இன்னும் இறங்கவில்லை. உத்தனப்பள்ளிப் பக்கத்து வண்டித்தடத்தில், நிறைமாதக்காரி நடப்பதுபோல அடிமேல் அடி வைத்து, நான் தனியாக நடந்துகொண்டிருக்கிறேன்.

எதிரே மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் நின்றுவிட்டார்.

"ஏம்மா, ஊருக்குள்ளயே கெணறு இருக்குது. தண்ணிய மொண்டுக்கினு ஊர வுட்டு எங்க போற?"

"தெரியலீங்க. இன்னும் ரெண்டு பேரு வரணும். அவங்கள எங்க பாக்குறனோ, அதுவரைக்கும் போறன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பொழுது சாய்வதற்குள் எங்கள் மாரசந்திரம் முழுக்கப் பேச்சு: பிரசிடெண்ட் வீட்டுச் சின்ன மருமகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாம்.

சாமல்பட்டி ரயிலடியில் வளர்ந்த நான் இந்தக் குளிர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். "கல்யாணக் கதை போதும். பஞ்சாயத்துக்கு எப்படிப் போனீர்கள், அதைச் சொல்லுங்கள்" என்று தர்மபுரியிலிருந்து ஒரு வாசகி கார்டு போட்டிருக்கிறார். இப்படித்தான் போனேன் அம்மா, குடத்தைத் தூக்கிக்கொண்டு.

பேசாத மெம்பர்

ஐம்பதுகளின் கடைசி. பஞ்சாயத்தில் பெண்களும் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. தேர்தலில் நின்று வரும் பெண் எங்கள் பக்கம் ஏது? அப்படி யாரும் வராவிட்டால் மெம்பர்களே ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வழி வைத்திருந்தார்கள்.

எங்கள் பிரசிடெண்ட் முனியப்பா. என் கணவரின் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு மாமா முறை. நல்ல உயரம், கனத்த குரல், சொன்னால் சொன்னதுதான். அவர் என் பெயரைச் சொன்னபோது வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். ஏழாவது வரை படித்தவள் என்பதால் என்று நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

காரணம் வேறு என்பது அடுப்படியில் என் ஓரகத்தி, மாமாவின் மனைவி ஜெயம்மா அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

"வேற எவள போட்டாலும் வாயத் தெறப்பாளாம். நீ எம்முன்னால பேச மாட்ட, அதான் ஒன்னப் போட்டேன்னு சொன்னாரு."

உண்மைதான். கணவரின் அண்ணன் எதிரில் பேசுவது எங்கள் வீட்டுப் பழக்கத்தில் கிடையாது. அவர் வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நகர்ந்துவிடுவேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "அக்கா, மாமாகிட்ட சொல்லுங்க" என்பேன். மாமா இரண்டடி தள்ளித்தான் நின்றிருப்பார். பதினோரு வருஷம் இப்படியே ஓடியிருந்தது.

ஆகவே கூட்டம் நடக்கும்போது மூலையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பேன். நோட்டு வரும். கையெழுத்துப் போடுவேன். வீட்டுக்குப் போய்க் களி கிண்டுவேன்.

மூன்று பாஷைச் சண்டை

அந்தச் சமயத்தில்தான் பிளாக் ஆபீஸிலிருந்து ஒரு நல்ல சேதி வந்தது. பக்கத்துப் பக்கத்துப் பஞ்சாயத்துகள் சேர்ந்து கூட்டுச் சபை அமைத்து, இடமும் கொடுத்து, ஆள் வேலையும் செய்தால், ஒரு பிரசவ விடுதிக்குக் கூரை ஓடும் மரமும் தருவார்கள். நர்ஸ் ஒருவரையும் நியமிப்பார்கள்.

எங்கள் மாரசந்திரம், மேற்கே புளியம்பள்ளி, தெற்கே சின்னகொப்பம் ஆகிய மூன்று பஞ்சாயத்துகளும் சேர்ந்தன. சேர்ந்தன என்பது பேச்சுக்குத்தான்.

புளியம்பள்ளி பிரசிடெண்ட் லிங்கப்பா கன்னடக்காரர். சின்னகொப்பத்து வெங்கடப்பா தெலுங்கு பேசுகிறவர். மூன்று பேரும் நிதானமாக இருக்கும்வரை தமிழில் பேசுவார்கள். கோபம் வந்தால் அவரவர் வீட்டுப் பாஷைக்குப் போய்விடுவார்கள். உத்தனப்பள்ளிப் பள்ளிக்கூடத்தில் நடந்த முதல் கூட்டத்திலேயே ஒரே நேரத்தில் மூன்று பாஷையும் கேட்டது. விடுதி தன் ஊரில்தான் வர வேண்டும் என்பதை மட்டும் மூவரும் மூன்று பாஷையிலும் தெளிவாகச் சொன்னார்கள்.

இரண்டாவது கூட்டத்தில் வெங்கடப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். மூன்றாவதில் பிளாக் ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு மாசம் டைம் தரேன். நீங்களே பேசி ஒரு இடம் சொல்லுங்க. இல்லேன்னா வேற பக்கம் குடுத்துடுவோம்."

ஜீப் கிளம்பிப் போன புழுதி அடங்கும்வரை நாங்கள் மூன்று பெண் மெம்பர்களும் பள்ளிக்கூட வாசலில் நின்றோம்.

எனக்குப் பழைய வண்டிப் பயணம் ஒன்று நினைவுக்கு வந்தது. கல்யாணமாகி இரண்டாம் வருஷம், என் முதல் பிரசவத்துக்கு வண்டி கட்டி ஒசூருக்குப் போனோம். பாதி வழியில், ஓர் ஏரிக்கரையில், வண்டியிலேயே குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. அழவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம். இதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

கௌரம்மாவின் யோசனை

புளியம்பள்ளி மெம்பர் கௌரம்மாவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். புருஷன் போன பிறகு தனியாளாக ஏர் பிடித்து விவசாயம் செய்தவள். கன்னடமும் தமிழும் கலந்து சுண்ணாம்பு தடவாத வெற்றிலைபோல வெறுமையாகப் பேசுவாள். நயம், பூச்சு எதுவும் இருக்காது.

சின்னகொப்பத்து மெம்பர் எல்லம்மா, அந்த ஊர்க் காலனியிலிருந்து வந்தவள். நடவு, களையெடுப்பு, கல் சுமப்பு என்று எல்லா வேலையும் செய்கிறவள். என் வயதுதான். கூட்டத்தில் அவள் எங்கள் பாயில்கூட உட்காரமாட்டாள், வாசற்படியோரம் தரையில்தான் உட்காருவாள். அன்று கௌரம்மாதான் அவள் கையைப் பிடித்து எங்கள் பக்கம் இழுத்தாள்.

"நோடம்மா, இங்க பாரு," என்றாள் என்னிடம், "ஆம்பளங்க சைக்கிள்ல போயி தூரம் சொல்றாங்க. வயித்துப் புள்ளக்காரி சைக்கிள்லயா வருவா? நாம நடந்து பாக்கலாம்."

"எங்க நடக்குறதுங்க?" என்றாள் எல்லம்மா.

"மூணு பேரும் அவங்கவங்க ஊருக் கோயில்லருந்து கெளம்பலாம். சூரியன் மலை மேல தலையக் காட்டுனதும் கெளம்பணும். இடுப்புல ரொம்பின கொடம். சிந்தாம நடந்தா வயித்துக்காரி நடைதான் வரும். கூட்டு ரோட்டுக்கு மொதல்ல வந்தவ அங்க நிக்கக் கூடாது, வராதவள தேடி நடந்துகினே இருக்கணும். மூணு பேரும் எங்க சேர்றோமோ, அது நடு."

நான் அசந்துபோனேன். மூன்று கூட்டம், மூன்று பாஷை, ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

எங்கே சேர்ந்தோம்

ஆரம்பத்தில் சொன்ன அந்த நடைக்கு வந்துவிட்டேன்.

எங்கள் மூன்று தடங்களும் சேரும் கூட்டு ரோட்டுக்கு நான்தான் முதலில் வந்தேன். ஒருவரையும் காணோம். நிற்காமல் தெற்கே திரும்பிச் சின்னகொப்பம் பக்கமாக நடந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து கௌரம்மாவின் குரல் கேட்டது. அவளும் குடத்தோடு வந்து சேர்ந்துகொண்டாள். எல்லம்மாவை மட்டும் காணவில்லை.

இருவருமாக நடந்தோம். கை மரத்துப்போனது. ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் வேப்பமரங்கள், ஒரு கிணறு, வரிசையாகக் கூரை வீடுகள். கிணற்றுக்கு அந்தப் பக்கமிருந்து எல்லம்மா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். ஊர்க் கோயிலிலிருந்து கிளம்பியவள் ஓடையில் இறங்கி ஏற நேரமாகிவிட்டதாம். குடத்தை இறக்கி வைத்தவள், சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அது அவளுடைய காலனி.

சின்னகொப்பத்துக்காரர்கள், ஊரோடு ஒட்டக்கூடாது என்று ஓடைக்கு இந்தப் பக்கம், ஒரு மைலுக்கு வெளியே, என்றைக்கோ அவர்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஊருக்கு வெளியே என்று தள்ளி வைத்த அந்த இடம்தான் மூன்று ஊருக்கும் நடுவில் இருந்தது.

"இது வேணாங்க," என்றாள் எல்லம்மா. "நான் கள்ளத்தனம் பண்ணி மெதுவா நடந்தன்னு சொல்லுவாங்க."

"அப்ப நாளைக்கு ஊர மாத்திக்கலாம்," என்றாள் கௌரம்மா.

மறுநாள் எல்லம்மா எங்கள் ஊரிலிருந்து கிளம்பினாள். நான் புளியம்பள்ளியிலிருந்து. கௌரம்மா சின்னகொப்பத்திலிருந்து, ஓடையைத் திட்டிக்கொண்டே வந்தாள். முதல் நாள் சேர்ந்த இடத்துக்கு நாற்பது ஐம்பது அடி தள்ளி மூவரும் சேர்ந்தோம். அதே கிணறு, அதே வேப்பமரங்கள். பக்கத்தில் கல்லும் சப்பாத்திக்கள்ளியுமாகக் கிடந்த புறம்போக்கு.

என் வாய் திறந்தது

யார் போய்ச் சொல்வது? கௌரம்மா சொன்னால் புளியம்பள்ளிச் சூழ்ச்சி என்பார்கள். எல்லம்மா சொன்னால் தன் வீட்டு வாசலுக்குக் கேட்கிறாள் என்பார்கள். மாரசந்திரத்துக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. ஆகவே நான்தான்.

"எங்க மாமா அங்க இருப்பாருங்க," என்றேன்.

"இருக்கட்டுமே. கடிச்சிடுவாரா?" என்றாள் கௌரம்மா.

நாலாவது கூட்டம். பெஞ்சுகளில் மூன்று ஊர் மெம்பர்கள். நடுவில் மூன்று பிரசிடெண்டுகள். ஓரத்தில் பிளாக் ஆபீசர். மறுபடியும் அதே பேச்சு தொடங்கியது. நான் எழுந்து நின்றேன். என் கணவர் ஜன்னலுக்கு வெளியே மற்ற ஆட்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு ஒவ்வொன்றாக நின்று, கடைசியில் மாமாவின் குரலும் நின்றது.

நான் சுவரைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தே பேசினேன்.

"மாமா, நாங்க மூணு பேரும் ரெண்டு நாளு நடந்து பாத்தோம். ஆளு மாத்தி, ஊரு மாத்தி நடந்தோம். சின்னகொப்பத்துக் காலனிக் கெணறுகிட்டதான் சேர்றோம். மூணு ஊருக்கும் அதாங்க நடு. விடுதி அங்க வரணும்."

"காலனியிலயா?" என்று வெங்கடப்பா பெஞ்சைத் தட்டினார். "எங்க வூட்டுப் பொம்பளைங்க அங்க போயி புள்ள பெத்துக்கணுமா?"

"நான் போவன்," என்றேன். "என் மொதப் புள்ள வண்டியிலயே போச்சு. அந்த எடத்துல ஒரு நர்ஸு இருந்திருந்தா, வண்டிய அங்க நிறுத்தியிருப்பாங்க. யாரு வூட்டுப் பக்கம்னு அப்ப நான் கேட்டிருக்க மாட்டன்."

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். ஆனாலும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்று தோன்றியது.

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை ஒரு கேள்விதான்.

"நம்ம ஊருலருந்து நடக்க எவ்ளோ நேரமாச்சு?"

"பால் கறந்து காய்ச்சி எறக்குற நேரங்க. வயித்தோட நடந்தாலும் அவ்ளோதான்."

லிங்கப்பா கௌரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். "சரி, கையத் தூக்குங்க," என்றார் ஆபீசர்.

புளியம்பள்ளிக் கைகள் முதலில் எழுந்தன. பிறகு எங்கள் ஊரில் சில. சின்னகொப்பத்தில் இரண்டு. எல்லம்மா வாசற்படியோரத்திலிருந்து எழுந்து நின்று, தலைக்கு மேல் கையை நீட்டினாள். எண்ணி முடித்தார்கள். நிறைவேறிவிட்டது. அதற்குப் பிறகுதான் மாமாவின் கை மெதுவாக மேலே போனது. அந்தக் கை தேவைப்படவில்லை. ஆனாலும் தூக்கினார்.

கட்டினோம், காத்திருந்தோம்

வீட்டில் அடுத்த சில வாரங்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பது, சொல்வதைவிடக் கஷ்டம். என் கணவர் மட்டும், "குரலு வெளிய வரைக்கும் கேட்டுச்சு," என்றார். அது திட்டா பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் முதல் வண்டிக் கல் மாரசந்திரத்திலிருந்துதான் போனது. மாமா அனுப்பியது. அதைப் பார்த்து லிங்கப்பா இரண்டு வண்டி அனுப்பினார். வெங்கடப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. சொந்தச் சுண்ணாம்புக் காளவாயைத் திறந்துவிட்டார். வாரத்துக்கு ஓர் ஊர் என்று முறை வைத்து மண் சுமந்தார்கள். காலனிக் கிணற்றுத் தண்ணீரில்தான் சுண்ணாம்பு குழைந்தது. முதலில் குடிதண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுவந்தவர்கள், பங்குனி வெயில் ஏற ஏற, ஒருவர் பின் ஒருவராக அந்தக் கிணற்றிலேயே குடித்தார்கள்.

ஆடியில் விடுதி திறந்தது. ஓட்டுக் கூரை, இரண்டு அறை, மூன்று கட்டில். வேலூர்ப் பக்கத்திலிருந்து நர்ஸம்மா வந்தார். விடுதியை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பைக் கூட்டுச் சபை எங்கள் மூவருக்கும் கொடுத்தது. முறை போட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு வாரம் அங்கே இருந்தோம்.

காலனிப் பெண்கள் வந்தார்கள். முதல் மாதத்திலேயே இரண்டு பிரசவம், நல்லபடியாக. ஆனால் மூன்று ஊரிலிருந்தும் ஒரு வண்டிகூட வரவில்லை. இரண்டு மாதம் போயிற்று.

"மூணு ஊருக்குன்னு கட்டினது," என்றார் நர்ஸம்மா. "யாரும் வரலேன்னா என்னை வேற எடத்துக்கு மாத்திடுவாங்க."

அப்போதுதான் மாமாவின் மகள் ரத்னா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஒசூரில் சொந்தக்காரர் வீட்டில் முன்கூட்டியே கொண்டுபோய் வைப்பதாகப் பேச்சு. அடுப்படியில் ஜெயம்மா அக்காவும் நானும் அவளுக்கு ராகி மாவு சலித்துக்கொண்டிருந்தோம். மாமா வெளியிலிருந்து வந்து கால் கழுவினார். நான் சல்லடையைக் கீழே வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனேன்.

"மாமா, ரத்னாவ விடுதிக்குக் கூட்டிக்கினு போலாங்க."

அக்கா உள்ளிருந்து என்னை அதட்டினாள். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நெடுநேரம் துடைத்தார்.

"ஜெயா," என்று அக்காவைக் கூப்பிட்டார். "ஒசூருக்கு வேணாம். நான் கை தூக்கின எடம் அது. என் பொண்ணு போவலன்னா வேற எவன் பொண்ணு போவா?"

அக்கா அழுதாள். சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ என்றாள். அவர் மாறவில்லை. சொன்னால் சொன்னதுதான்.

எல்லம்மா முறை

ரத்னாவுக்கு வலி எடுத்தது ஒரு விடிகாலை. வெயில் ஏறுவதற்குள் வண்டி விடுதி வாசலில் நின்றது. பிரசிடெண்ட் வீட்டு வண்டி காலனிக்குப் போகிறது என்று வழியெல்லாம் ஆட்கள் கூடிவிட்டார்கள். சைக்கிளில் சேதி போய், வெங்கடப்பாவும் சின்னகொப்பத்துக்காரர் சிலரும் வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

அந்த வாரம் எல்லம்மாவின் முறை. ரத்னாவைத் தாங்கி இறக்கி உள்ளே கொண்டுபோனவள் அவள்தான். அக்கா வாசலில் ஒரு நொடி தயங்கினாள். உள்ளே மகள் "அம்மா" என்று கத்திய சத்தம் கேட்டதும் ஓடிவிட்டாள். நானும் போனேன்.

உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. நர்ஸம்மா ரத்னாவைக் கவனித்துக்கொண்டிருந்தார். அக்கா மகளின் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எல்லம்மா குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, வெளியே எடுத்து வந்தாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

வேப்பமரத்தடியிலிருந்து மாமா எழுந்து வந்தார். அவள் குழந்தையைக் கீழே வைப்பாள், பிறகு யாராவது எடுத்துக் கொடுப்பார்கள் என்றுதான் அங்கே எல்லோரும் நினைத்திருப்பார்கள். அதுதான் வழக்கம்.

அவர் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"அப்படி இல்லீங்க பிரசிடெண்டு," என்றாள் எல்லம்மா. "மம்பட்டி புடிக்கிற மாதிரி புடிக்காதீங்க. தலைக்கு அடியில கைய வையுங்க. ஆங், அப்படித்தான். கெட்டியா."

மூன்று ஊரிலும் அவரிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் அவள் சொன்னபடியே கையைத் திருப்பி வைத்துக் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"வெயில்ல நிக்காதீங்க. அந்தத் தாவாரத்துல போயி ஒக்காருங்க," என்றாள் அவள், வெங்கடப்பா கூட்டத்தையும் சேர்த்துப் பார்த்து. "உள்ள இன்னொரு பொண்ணு தூங்குது. யாரும் சத்தம் போடக் கூடாது."

பிரசிடெண்டுகள் இரண்டு பேரும் தாவாரத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை.